நினா காஸியான்: ஒளிந்துகொண்டாரா, ஒளித்துவைத்தாரா?

நவம்பர் 27, இரவு 10.40

கேள்வி இதுதான், வந்த மாதிரியே போடுகிறேன்: "ஸ்டாலின் காலத்தில் கட்சிக்குக் கவிதை எழுதினார். முடியாமல் போனதும் குழந்தைப் பாட்டுக்குள்ளும் மொழிபெயர்ப்புக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டார். கடைசியில் அமெரிக்காவில் செட்டிலாகிவிட்டார். இவருக்கெல்லாம் எதற்கு நூற்றாண்டு?"

இன்றைக்கு அவருக்கு நூறு. 1924 நவம்பர் 27, ருமேனியாவில் டான்யூப் கரையில் உள்ள கலாட்ஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர், யூதக் குடும்பம். பிறந்தபோது வைத்த பெயர் ரெனே ஆனி காட்ஸ். கவிஞர், மொழிபெயர்ப்பாளர், பியானோவுக்கு இசை எழுதியவர், படமும் வரைவார். 2014 ஏப்ரலில் நியூயார்க்கில் இறந்தார். கேள்வியில் சொல்லியிருக்கும் மூன்றும் நடந்தவைதான், அதை மறுக்க வரவில்லை. "ஒளிந்துகொண்டார்" என்ற சொல்தான் இடிக்கிறது. நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

நவம்பர் 27, இரவு 11.15

தூக்கம் வரவில்லை. பெயர் பற்றி ஒரு வரி. காசியன், காஷியன், கேசியன் என்று ஆளுக்கொன்றாய் எழுதுகிறோம். ருமேனியர்கள் காஸியான் என்றுதான் சொல்கிறார்கள். சரி, அதையே வைத்துக்கொள்வோம். ஊர் கலாட்ஸ், என் வரைவில் தவறி அடித்ததுபோல் கலாட்டா இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தத் தட்டச்சுப் பிழையைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

நவம்பர் 28

முதல் தொகுப்பு 1947. ருமேனிய மொழியில் 'லா ஸ்காரா 1/1'. வரைபடத்தில் அளவுக்கணக்கு போடுவார்களே, அந்த 1:1. அதாவது ஊரும் வரைபடமும் ஒரே அளவு. ஆனால் ஸ்காரா என்றால் ஏணி என்றும் படிக்கட்டு என்றும்கூட அர்த்தம் உண்டு. நான் தமிழில் 'அளவு' என்று எழுதியதும் ஏணியைக் காணவில்லை. முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே கை தடுக்குகிறது.

சர்ரியலிச வாடை அடிக்கும் கவிதைகள் அவை. கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழின் பெயர் ஸ்கிந்தேயா, தீப்பொறி என்று பொருள். அதில் அந்தப் புத்தகத்தைச் சீரழிந்த இலக்கியம் என்று போட்டுக் கிழித்தார்கள். அந்தக் காலத்தில் அதைப் பத்திரிகை விமரிசனம் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போக முடியாது. ஸ்கிந்தேயாவில் வந்தால் கட்சியின் முடிவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வயது இருபத்து மூன்று. பயந்துவிட்டார். அப்புறம் சுமார் எட்டு வருடம் கட்சி கேட்ட மாதிரி எழுதினார், 1949, 1952, 1953 என்று தொகுப்புகள் வரிசையாக வந்தன. பயத்தில் எழுதியதை வைத்து ஒருவரை எடை போடக்கூடாது என்பது என் கட்சி.

நவம்பர் 29, காலை

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "பயந்துவிட்டார்" என்று நான் முடித்த இடம் சரியில்லை. அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

அவர் பதினாறு வயசிலேயே தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் சேர்ந்தவர். அது 1940ஐ ஒட்டிய நேரம், ருமேனியாவில் யூதப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றிய காலம். அவரும் யூதப் பள்ளிக்கு மாறவேண்டி வந்தது. முதல் கணவர் விளாடிமிர் கோலினும் அப்படித்தான் இளம் கம்யூனிஸ்ட், யூதர், எழுத்தாளர் (பின்னாளில் அறிவியல் புனைகதைக்காகப் பேர் வாங்கினார்). இந்தச் சின்னஞ்சிறு வட்டத்துக்குக் கட்சி என்பது மேலே உட்கார்ந்திருக்கும் மிரட்டல் இல்லை, தங்களைக் காப்பாற்றப் போகிற ஒரே ஆள். அந்த ஆளே வந்து "நீ எழுதுவது தப்பு" என்கிறபோது, ஒருவேளை தப்புதானோ என்று தோன்றுமா தோன்றாதா? அவர் நம்பினார். தான் நம்பியதை வயதான பிறகு அவரே மறைக்கவுமில்லை. பயம் மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னது அவரை வெள்ளையடிக்கிற வேலை, அதை அவரே ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

நவம்பர் 29, இரவு

சொந்தக் கதை, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆண்டு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வெண்பா. தளை தட்டாமல், ஈற்றடியில் மேலதிகாரி பெயர் வந்து விழுகிற மாதிரி. யாரும் மிரட்டவில்லை, சம்பளத்தைப் பிடிப்பேன் என்று சொல்லவில்லை. என் வெண்பாவுக்குக் கைதட்டல் வரும் என்பதற்காகத்தான் எழுதினேன். ஆறு மாதம் கழித்து அதே ஆள் எங்கள் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அந்த ஈற்றடி ராத்திரியில் காதில் கேட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வாழ்த்துப்பாவுக்குப் பயமும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம், நமக்கு எழுத வரும் என்கிற திமிரே போதும். காஸியானிடம் அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். எல்லாம் வந்தது அவருக்கு, யாப்பு, எதுகை, பியானோ, நடிப்புப் பயிற்சிகூட. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் நிரம்புகிற கை. அப்படிப்பட்ட கைக்கு மோசமான கவிதை எழுதுவதும் சுலபம்.

நவம்பர் 30

குழந்தைப் புத்தகங்களுக்கு வருகிறேன். இதுதான் என் உண்மையான பதில், இத்தனை நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தான் ஏன் குழந்தைகளுக்கு எழுதப் போனார் என்பதை அவரே விளக்கியிருக்கிறார்: உவமை உருவகத்துக்கு அனுமதி இருந்த, கற்பனையைப் பொறுத்துக்கொண்ட, ஒலியை வைத்து விளையாட விட்ட ஒரே இடம் அதுதான். இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கான கவிதையில் உருளைக்கிழங்கு என்றால் கூட்டுப்பண்ணை உருளைக்கிழங்கு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. குழந்தைப் பாட்டில் மட்டும் பூனை இளவரசனாக இருக்கலாம். 1957இல் அவர் எழுதிய பூனை இளவரசனின் பெயர் மியோர்லாவ், ருமேனியப் பூனை கத்துகிற சத்தம். அதே 1957இல் அவருடைய சொந்தக் குரலில் பெரியவர்களுக்கான கவிதையும் திரும்பி வந்தது, ஒன்றில்லை, இரண்டு தொகுப்பு. எட்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் அப்படி உடனே விளக்கு எரியாது. திரி எங்கேயோ நனையாமல் இருந்திருக்கிறது, பூனைக்குட்டிகளுக்கு நடுவில்.

ஒளிந்துகொள்வது வேறு, ஒளித்துவைப்பது வேறு. பொருளை ஒளித்துவைத்தவர் அதை எடுக்கத் திரும்பி வருவார்.

நவம்பர் 30, பின்குறிப்பு

1969இல் எழுதிய நீண்ட கதைப்பாட்டு ஒன்று, இரண்டு புலிக்குட்டிகள், பெயர் நினிக்ரா, அலிக்ரு. நினா + புலி, அலி + புலி என்று ஒட்டிய பெயர்கள் (ருமேனிய மொழியில் புலி திக்ரு). அலி என்பது இரண்டாவது கணவர், விமரிசகர் அல். ஐ. ஸ்தெஃபனெஸ்குவின் செல்லப் பெயர். அதாவது ஊர்ப் பிள்ளைகளெல்லாம் படித்த புலிக்கதையில் இருப்பது இவர்கள் இருவரும். என் மகளுக்கு இதைத் தமிழில் சொல்லப் போய் நினுலி என்று பெண்குட்டிக்கு ஜோராகப் பெயர் வைத்துவிட்டேன். அடுத்த குட்டியில் மாட்டிக்கொண்டேன். அலி என்ற ஒலி தமிழில் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும், திருநங்கையரைக் காயப்படுத்த எறிந்த சொல்லை ஒரு குழந்தைப் பாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அப்பாவிப் பெயர், ஆனால் எல்லை தாண்டினதும் குற்றவாளி. இப்போதைக்கு 'ஆலுலி' என்று நெடிலாக்கி வைத்திருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

டிசம்பர் 1

"ஆலிப்புலி" என்று ஒருவர் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆலி என்றால் ஆலங்கட்டி மழை, புலியோடு சம்பந்தமில்லை, குழந்தைக்கு அது போதும். எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 3

மொழிபெயர்ப்பு. ஷேக்ஸ்பியர், பிரெக்ட், ரிட்ஸோஸ், பால் செலான், கிறிஸ்டியான் மார்கென்ஸ்டெர்ன் என்று அவர் ருமேனிய மொழிக்குக் கொண்டுவந்தவர்கள் பட்டியல் நீளம். ஜெர்மனில் எழுதிய யூதக் கவிஞரான செலான் அவருக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்தவர் இல்லை. போர் முடிந்து 1947 வரைக்கும் செலான் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் இருந்தார், இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம்.

எனக்கு இந்தப் பட்டியலில் மார்கென்ஸ்டெர்ன்தான் பிடித்தமானவர். ஜெர்மன்காரர், கிறுக்குக் கவிதைகளின் ராஜா, 1905இல் வந்த அவருடைய தொகுப்பில் மீன் இரவில் பாடும் பாட்டு என்று ஒன்று உண்டு. அதில் சொல்லே கிடையாது, யாப்பில் குறில் நெடிலுக்குப் போடும் வளைவும் கோடும் மட்டும். தலைப்பைப் பெயர்த்தால் வேலை முடிந்தது. நான் இதுவரை செய்ததிலேயே பிழையில்லாத மொழிபெயர்ப்பு அதுதான்.

அதே தொகுப்பில் எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் ஆன பாட்டும் இருக்கிறது. காஸியானும் அப்படி ஒரு மொழியை உண்டாக்கினார், ஸ்பர்கா என்று பெயர். சும்மா உளறல் இல்லை. வேர்ச்சொல் எல்லாம் பொய், இலக்கணம் மட்டும் அசல். ஸ்பர்காவில் ஒரு வசவுக் கவிதை உண்டு. அதில் 'தெம்போரிதெஸ்க்' என்று ஒரு சொல் வருகிறது. ருமேனியர் அதைக் கேட்டதும் "நான் உன்னை ஏதோ செய்கிறேன்" என்பது புரிந்துவிடும், ஏனென்றால் முன்னால் உள்ள 'தெ' உன்னை, பின்னால் உள்ள 'எஸ்க்' தன்மை ஒருமை விகுதி. என்ன செய்கிறார் என்பதுதான் தெரியாது. ஆனால் நல்லது செய்யவில்லை என்பது சத்தத்திலேயே விளங்கும்.

இதற்குத் தமிழ் மாதிரி வசதியான மொழி எது? விகுதியை வைத்தே முழு வாக்கியத்தையும் நிறுத்திவிடலாம். நான் கட்டியது:

உன்னை மொருண்டிக்கிறேன், ஞெளுக்கே, திரங்கெட்ட சூவளையே,
நீ வழுண்டு நொவுறிப் போக!

'போக' மட்டும் அசல். அதை விட முடியவில்லை, 'நாசமாய்ப் போக' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் 'போக' வந்தால்தான் சாபம் பலிக்கும். தலைப்புக்குச் சாபமா, வசவா, ஏச்சா என்று இன்னும் முடிவாகவில்லை. சாபம் என்றால் முனிவர் தாடியோடு வந்து நிற்கிறார். வசவு என்றால் தெருக்குழாய். இந்தக் கவிதை தெருக்குழாயில் நிற்கும் முனிவர்.

டிசம்பர் 3, இரவு

மாட்டிக்கொண்டேன். "திரங்கெட்ட என்பது தரங்கெட்டதான், ஒரு எழுத்தை மாற்றிவிட்டுப் புதுச்சொல் என்கிறாயா" என்று கேட்டிருக்கிறார்கள். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, நாக்கு தானாகவே பழைய பாதையில் போயிருக்கிறது. பொய்ச்சொல் உண்டாக்குவது இவ்வளவு கஷ்டமா? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து முயன்றேன், உருவாக்கியதில் பாதி ஏற்கெனவே அகராதியில் இருந்தது.

டிசம்பர் 4

"இதெல்லாம் கவிதையா, சின்னப்பிள்ளை விளையாட்டு" என்றவருக்கு: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அதிகாரி அர்த்தம் சொல்லும் நாட்டில் இருந்துகொண்டு, அர்த்தமே இல்லாத சொல்லால் திட்டுவது எவ்வளவு நிம்மதி என்று யோசியுங்கள். தணிக்கைக்காரர் எதை அடிப்பார்?

டிசம்பர் 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்னது கொஞ்சம் அதிகப்படி. ஸ்பர்காவைத் தணிக்கையை ஏமாற்றும் ஆயுதம் என்று ஆக்கிவிடுவது நம் ஆசை. அவருக்கு விளையாடப் பிடிக்கும், அதனால் விளையாடினார். எல்லாவற்றையும் அரசியலாகப் படிப்பதும் ஸ்கிந்தேயாவின் வேலைதானே.

டிசம்பர் 7

"அமெரிக்காவில் செட்டிலாகிவிட்டார்" பற்றி. இதை மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

1985இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகப் போனார். வயது அறுபது. அலி அதற்குச் சற்று முன்புதான் இறந்திருந்தார். திரும்பி வருகிற எண்ணத்தோடு போன பயணம், வீடு, கையெழுத்துப்படி, நாட்குறிப்பு எல்லாம் புக்காரெஸ்டில்.

அவருக்கு கெயோர்கே உர்சு என்று ஒரு நண்பர். கட்டடப் பொறியாளர், கவிதையும் எழுதுவார். 1977 மார்ச் 4 பூகம்பத்தில் புக்காரெஸ்டில் கட்டடங்கள் சரிந்தன, சேதமான கட்டடங்களைப் பலப்படுத்தும் வேலையைப் பாதியில் நிறுத்த மேலிடம் உத்தரவிட்டது. அதை வெளியே சொன்னவர் உர்சு, மேற்கிலிருந்து ஒலிபரப்பான ஃப்ரீ யூரோப் வானொலிக்கே எழுதினார். அவர் பல வருடமாக நாட்குறிப்பு எழுதிவந்தார். நண்பர்கள் கூடினால் என்ன பேசினார்கள், யார் என்ன கவிதை படித்தார்கள், எல்லாம் அதில் ஏறிவிடும். காஸியான் நண்பர்களுக்கு மட்டும் படித்துக் காட்டிய, ஆட்சியைக் கிண்டல் செய்த வரிகளும் ஏறின. நோட்டுகள் சில அலுவலகத்தில் இருந்தன. கூட வேலை பார்த்தவர்களே செக்யூரிடாடேவுக்குக் கொடுத்துவிட்டார்கள். செக்யூரிடாடே ரகசிய போலீஸ். 1985 செப்டம்பர் 21 அன்று உர்சுவைப் பிடித்தார்கள், குற்றம் என்ன தெரியுமா, வீட்டில் சில டாலர் வெளிநாட்டுப் பணம் வைத்திருந்தது. விசாரணையிலும் சிறை அறையிலும் அடித்தார்கள். நவம்பர் 17 அன்று இறந்துபோனார்.

காஸியான் இதை நியூயார்க்கில் இருந்து கேட்டார். திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அடைக்கலம் கேட்டார். ஊரில் வீடு போயிற்று, புத்தகங்கள் அதிபர் சௌஷெஸ்குவின் ஆட்சி 1989இல் கவிழும்வரை தடையில் கிடந்தன. குழந்தைகளின் புலிக்குட்டிகள் உட்பட.

செட்டிலாவது என்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது. இதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

டிசம்பர் 8

ஒரு கேள்வி வந்திருக்கிறது, கூர்மையான கேள்வி: "அவருடைய கவிதை நோட்டில் இருந்ததால்தானே உர்சு செத்தார்?" இல்லை. உர்சு செத்தது அடித்ததால். அடித்தவர்கள் இருக்கும்போது எழுதியவரையும் குறித்துவைத்தவரையும் விசாரிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அந்த அம்மாள் எத்தனை இரவு தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தால், நம் கோபம் எதற்கு.

டிசம்பர் 12

நியூயார்க் காலம். ரூஸ்வெல்ட் தீவில் வீடு, நடு ஆற்றில். 1988இல் லண்டனிலும் 1990இல் நியூயார்க்கிலும் ஆங்கிலத் தேர்வுத் தொகுப்புகள் வந்தன. இரண்டாவது புத்தகத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு படை, அமெரிக்கக் கவிஞர்கள் ஸ்டான்லி குனிட்ஸும் ரிச்சர்ட் வில்பரும் அதில் உண்டு. தலைப்பு 'லைஃப் சென்டன்ஸ்'. ஆயுள் தண்டனை என்று போட்டால் வாக்கியம் போய்விடும், வாழ்க்கை வாக்கியம் என்று போட்டால் சிறை போய்விடும். ஏணியைத் தொலைத்த மாதிரிதான், தலைப்புகளில் எனக்கு ராசியே இல்லை.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களை மொழிபெயர்த்தவர், அறுபதுக்கு மேல் தன்னைத் தானே ஆங்கிலத்துக்குப் பெயர்க்க ஆரம்பித்தார். அப்புறம் பெயர்க்காமல் நேராகவே ஆங்கிலத்தில் எழுதினார், 1998இல் அப்படி ஒரு தொகுப்பு.

அவருடைய ஒரு கவிதையில் சொற்களிலிருந்து எழுத்துகள் உதிர்கின்றன, வாயிலிருந்து பற்கள் உதிர்வதுபோல. ஆங்கிலத்தில் படித்தபோது புதுமையான படிமம் என்று அடிக்கோடிட்டேன். தமிழில் எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பல் போனால் சொல் போச்சு என்று எங்கள் ஆச்சி தினமும் சொன்னதுதானே. அவருக்கு இது பழமொழி இல்லை, கண்டெடுத்த பொருள். நமக்குக் கண்டெடுத்தது பழமொழியாகிவிடுகிறது. அந்தக் கவிதையை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

தன் முகத்தைப் பற்றி எழுதிய கவிதையிலும் இதே கதை. முக்கோண முகம், கடற்கொள்ளைக் கப்பலின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிலை, கூம்புச் சர்க்கரை. படத்தைப் பாருங்கள், மிகைப்படுத்தவில்லை, அந்த மூக்கும் தாடையும் அப்படித்தான். கூம்புச் சர்க்கரைக்கு அச்சுவெல்லம் என்று போட்டேன். முகம் போய்ப் பொங்கல் வந்துவிட்டது.

டிசம்பர் 15

நினைவுக்குறிப்புகளின் மூன்று பாகங்களும் 2003 முதல் 2005 வரை புக்காரெஸ்டில் வந்தன. தலைப்பு, 'நினைவு, ஸெஸ்த்ரேயாக'. ஸெஸ்த்ரே என்றால் பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோவது. கடைசியில் எனக்கு ஒரு தலைப்பு அமைந்தது: 'சீதனமாய் நினைவு'. வரதட்சணை என்று சொல்லிவிடாதீர்கள், அதைக் கேட்டு வாங்குவார்கள், சீதனம் பெண்ணுடையது. நாட்டை விட்டுப் போனவருக்குக் கையில் வேறென்ன இருந்தது என்று யோசித்தால் சொல்லின் கனம் தெரியும்.

நான் இந்த இழையை இப்படி அழிக்காமல் ஒட்டி ஒட்டி எழுதுவதும் அந்தப் புத்தகத்தின் பாதிப்புதான். பழைய நாட்குறிப்பை அப்படியே போட்டு, நடுநடுவே வயதான நினா வந்து இளைய நினாவுக்குப் பதில் சொல்கிறார். கட்சியை நம்பிய பக்கங்களை அவர் எடுத்துவிட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. எடுக்கவில்லை.

2018இல் மோனா நிக்கோவாராவும் தானா புனெஸ்குவும் எடுத்த ஆவணப்படத்தின் பெயரே 'எனக்கும் எனக்கும் நடுவே உள்ள தூரம்'. பழைய தொலைக்காட்சிப் பதிவுகளும் செக்யூரிடாடே கோப்பும் ஒருபக்கம், கிழவி ஒருபக்கம். கேள்வி கேட்டவர் முதலில் அதைப் பார்க்கட்டும். என்னைவிட அவரே தன்னை நன்றாக விசாரிக்கிறார்.

டிசம்பர் 20

வசவுக் கவிதை நிலவரம். 'திரங்கெட்ட' நீக்கப்பட்டது. 'சூவளை' இருக்கிறது. சிக்கல் முதல் சொல்லில். நான் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்ததை மகள் கேட்டிருக்கிறாள். நேற்று தம்பி அவள் பென்சிலை எடுத்ததும் "குடுத்துடு, இல்லேன்னா மொருண்டிச்சிடுவேன்" என்கிறாள். அவனும் பேசாமல் கொடுத்துவிட்டான். என்ன செய்வாய் என்று கேட்டேன், காதைப் பிடித்துத் திருகிக் காட்டினாள். இப்போது எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வந்துவிட்டது, இனி கவிதைக்கு ஆகாது. வேறு ஒன்று தேட வேண்டும்.